வகுப்பில் சொன்ன அடக்க விலை

பிரஷ்காரர் தன் அக்காவுக்கு நாலு லட்சம் கடன்பட்டிருந்தார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் முப்பது வருஷம் நோயாளிகளின் போர்வைகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தவர் அந்த அக்கா. வேலையை விட்டு வந்தபோது கைக்கு வந்த மொத்தத்தையும் தம்பியிடம் தூக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தெருக்கோடி லாண்டரிக்காரர் அடுத்த வருஷம் கடையை விட்டுட்டு மகன்கூடப் போயிடறாராம். எனக்கே தர்றேன்னு சொல்லியிருக்கார். அன்னைக்கு என் பணம் என் கையில இருக்கணும்."

"அக்கா, லாண்டரி என்ன லாண்டரி? அடுத்த வருஷம் அந்தத் தெருவையே வாங்கித் தர்றேன் பாரு."

"தெரு வேண்டாம்டா, யாரு கூட்டறது? என் பணத்தைத் தா, போதும்."

இப்படித் தெருவையே வாங்கித் தருவதாகப் பேசுகிறவர் வெறும் வாய்வீச்சுக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், இன்னொருவர் பட்டறையில் கம்பி வெட்டப் போனார். பத்து வருஷத்தில் அந்தப் பட்டறைக்கு எதிரிலேயே சொந்தப் பட்டறை போட்டார். யார் சிபாரிசும் இல்லை, மாமனார் காசும் இல்லை. இப்படித் தானாக முளைத்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் செய்தது பாட்டில் கழுவும் பிரஷ். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நைலான் முடியைப் பரப்பி மெஷினில் கொடுத்து முறுக்கினால், முடி சுற்றிலும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். கேட்க எளிது. ஒரு முறுக்கு கூடினால் கம்பி அறும், ஒன்று குறைந்தால் நாலாம் நாள் முடி கொட்டும். அவர் பிரஷ்ஷில் முடி கொட்டியதாகச் சொன்ன ஆள் இன்னும் பிறக்கவில்லை.

விலை சொல்வதிலும் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் அடக்க விலையை மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இவர் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே போட்டு உடைப்பார். "கம்பி இவ்வளவு, முடி இவ்வளவு, கூலி இவ்வளவு. எனக்கு இவ்வளவு. எடுத்தா எடு, இல்லேன்னா டீ குடிச்சிட்டுக் கிளம்பு." மார்க்கெட்டில் அது செல்லுபடியாயிற்று. மறைக்க ஒன்றுமில்லாதவன் என்ற பெயர் அவருக்குக் கம்பியைவிடப் பெரிய முதலாக இருந்தது. அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் பின்னால் அவரைக் கவிழ்த்தது.

கடல் தாண்டி ஓர் ஊரில் பால் பண்ணைகளுக்குச் சாமான் விற்கும் அம்மையார் ஒருவர், யார் மூலமோ கேள்விப்பட்டு இவரிடம் கொஞ்சம் பிரஷ் வரவழைத்தார். பார்த்ததும் பிடித்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு கன்டெய்னர் எடுக்கலாமா என்று கேட்டு எழுதினார். ஆனால் அந்த முதல் சரக்கிலேயே கப்பல் ஏஜெண்டு பிரஷ்காரரைப் பிழிந்துவிட்டான். இந்தக் கட்டணம், அந்தக் கட்டணம் என்று அவன் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டதில், லாபம் முழுக்க ஏஜெண்டு வீட்டுக்குப் போயிற்று.

"எவனோ படிச்சவன் நம்மைப் படிக்காதவன்னு ஏமாத்தறான்னா, நாமும் படிச்சுடறதுதானே?" என்றார் அக்காவிடம். நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு வணிகம் என்று ஒரு வருஷத்து மாலை வகுப்பு இருந்தது. பட்டம் இல்லாவிட்டாலும், பத்து வருஷம் தொழில் செய்திருந்தால் இடம் உண்டு. அக்காவின் நாலு லட்சத்தில் மூன்றரை இரண்டாவது முறுக்கு மெஷினுக்குப் போயிற்று. மீதி அரை, படிப்புக்கு.

முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாற்பத்தெட்டு வயசு, சலவைச் சட்டை, கையில் தோல் பை. பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். அவரும் சளைக்கவில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்று கையைக் காட்டிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். எழுதும் பலகை நாற்காலியோடு சேர்ந்தே இருந்தது. அதை முன்னால் இறக்கினால் அவர் வயிற்றால் மூச்சு விட முடியாது. அன்றிலிருந்து வகுப்பு முடியும்வரை பக்கவாட்டில் உட்கார்ந்தே படித்தார். வகுப்பு அவருக்கு "முதலாளி" என்று பெயர் வைத்தது.

பாடமெல்லாம் ஆங்கிலத்தில். திரையில் கட்டமும் அம்புக்குறியுமாக ஓடும். பாடம் நடத்தும் மேடம் வேகமாகப் பேசுவார். முதல் வாரம் பிரஷ்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து நாற்காலிப் பையன்தான் கை கொடுத்தான். பெரிய மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் அவனை எல்லாரும் கண்ணாடி என்றார்கள். மற்ற பிள்ளைகள் இவரை "அங்கிள்" என்று கூப்பிட, அவன் மட்டும் "அண்ணே" என்றான். அந்த ஒரு சொல்லில் இவர் உருகிப் போனார்.

"அண்ணே, இதுதான் விஷயம். சரக்கு கப்பல்ல ஏறிட்டா அதுக்கப்புறம் நனைஞ்சாலும் முழுகினாலும் வாங்கறவங்க தலைவலி. ஏறுற வரைக்கும்தான் உங்க தலைவலி."

"அப்ப அந்த ஏஜெண்டு போன தடவை என்கிட்ட கடல்ல போற செலவையும் வாங்கிட்டானே?"

"அது உங்க செலவே இல்லைண்ணே. அந்தம்மா செலவு."

"படவா! அவனை நாளைக்கே போய்ப் பார்க்கறேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும், பையன் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தான். எந்தப் பாடத்தையும் கம்பியிலும் முடியிலும் வைத்துச் சொல்வான். வாங்குகிறவர் பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் கடன் கடிதத்தை, "முறுக்கு மாதிரிண்ணே, ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கும், ஒருத்தர் மட்டும் உருவ முடியாது" என்று விளக்கினான். பிரஷ்காரர் அந்த ஒப்பீட்டை மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏஜெண்டிடமும் போய்க் கேட்டு, பாதிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். படிப்பு என்றால் இது என்று தோன்றியது.

கண்ணாடியைப் பட்டறைக்குக் கூட்டி வந்தார். இரண்டு மெஷினையும் ஓட்டிக் காட்டினார். வாரத்துக்கு இரண்டு நாள் பையனுக்கு அக்கா கையால் சாப்பாடு.

"பையன் நல்லா சாப்பிடறான்" என்றார் அக்கா ஒரு நாள். "ஆனா சாப்பிட்ட தட்டைத் தூக்கறதே இல்லை."

"சின்னப் பையன்க்கா. படிக்கிற பிள்ளை."

"நீயும்தான் படிக்கிறே. நீ தூக்கலையா?"

அரை வருஷம் போனதும் மேடம் செய்முறை வேலை ஒன்று கொடுத்தார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒரு நிறுவனம் தன் சரக்கை வெளிநாட்டுக்கு எப்படி அனுப்பி விற்கலாம் என்று திட்டம் போட்டு, வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் விளக்க வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான். சொல்லி முடித்த பிறகு மேடம் ஒரு விரலைத் தூக்கி, அழுத்தமாக இன்னும் ஏதோ சொன்னார். வகுப்பு தலையாட்டியது.

"என்னடா சொல்றாங்க?"

கண்ணாடி பேனாவை மூடினான். "சொந்தக் கம்பெனியை வச்சுச் செய்யறவங்க உண்மையான கணக்கைப் போடணுமாம்ணே. விலை, அடக்கம், வாங்கற ஆளு, எல்லாம். கற்பனை பண்ணிப் போட்டா மார்க்கு கிடையாதாம்."

"உண்மையைச் சொல்றதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தரணுமா?" என்றார் பிரஷ்காரர்.

அந்த நாள் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரையை மாற்றும் வேலை கண்ணாடிக்கு, பேசும் வேலை இவருக்கு. தமிழில்தான் பேசினார், நடுநடுவே கண்ணாடி ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தான். கம்பி என்ன தடிமன், முடி எவ்வளவு நீளம், டஜனுக்கு அடக்கம் எழுபத்திரண்டு, தரும் விலை தொண்ணூறு. வாங்கும் அம்மையாரின் பெயர், அவர் கம்பெனி, எந்தத் துறைமுகம். கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு டஜனையும் மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டிக்கு ஆறு டஜன் அடுக்கும் தன் யுக்தியையும் விடவில்லை. பையிலிருந்து பிரஷ் ஒன்றை எடுத்து, முன்வரிசைப் பெண்ணிடம் கொடுத்து, "இழும்மா, முடிஞ்சா ஒரு முடியைப் பிடுங்கு பார்க்கலாம்" என்றார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. வகுப்பு கைதட்டித் தீர்த்தது. மேடமும் தட்டினார்.

வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் இவர்களுக்குத்தான். பிரஷ்காரர் பட்டறைப் பெண்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பு ஆள் இந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் முதல்! அக்கா மட்டும் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, "லாண்டரிக்காரர் தேதி சொல்லிட்டார்" என்றார்.

"ஆர்டர் வந்துடும்க்கா. முன்பணம் வந்ததும் உன் கையில."

ஆர்டர் வரவில்லை. அம்மையாரிடமிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. மிக மரியாதையான கடிதம். இதே கம்பி, இதே முடி நீளம், மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டிக்கு ஆறு டஜனாக, டஜன் எண்பதுக்குத் தர இன்னொரு நிறுவனம் முன்வந்திருப்பதால், இந்த வருஷத்துக் கன்டெய்னரை அவர்களிடமே கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். அந்த நிறுவனத்தின் பெயரும் அதிலேயே இருந்தது. கழிப்பறை பிரஷ்ஷும் வாளியும் செய்கிற பெரிய ஃபேக்டரி. யாருடையது என்று பிரஷ்காரருக்குத் தெரியவில்லை.

விலையைக் குறைத்தது அவரைச் சுடவில்லை. வியாபாரத்தில் எவனும் குறைப்பான். மெழுகுத்தாள்தான் சுட்டது. அது அவர் மண்டையில் உதித்தது. பட்டறையை விட்டு அது வெளியே போனது ஒரே ஒரு இடத்துக்கு.

மறுநாள் மேடம் அறைக்குப் போனார். மேசை நிறையத் திருத்தாத தாள்கள். மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்கை நெருடினார்.

"நீங்க வகுப்புல காட்டினதெல்லாம் உண்மையான எண்ணா?"

"உண்மையைத்தானே போடச் சொன்னீங்க?"

"நானா?" மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ, நான் மாத்தித்தானே போடச் சொன்னேன்! சொந்தக் கம்பெனியை வச்சுச் செய்யறவங்க விலையை, வாங்கறவங்க பேரை எல்லாம் மாத்திப் போடுங்க, வெளியாளு காதுல விழக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க. நீங்களும் மாத்தியிருப்பீங்கன்னு நினைச்சுத்தானே கைதட்டினேன்." பிறகு மெதுவாக, "உங்க பக்கத்துல உக்காந்திருந்த பையன் சொல்லலையா?" என்றார்.

பிரஷ்காரர் எழுந்தார். அந்த ஃபேக்டரியின் பெயரைச் சொல்லி யாருடையது தெரியுமா என்று கேட்டார். "அது அவனோட தாய்மாமாவோடதுதான்" என்றார் மேடம். "போன மாசம்தான் வகுப்பை அங்கே கூட்டிட்டுப் போனோம். நீங்க அன்னைக்கு வரலை." சரக்கு வேலை என்று அவர் போகவில்லை.

கண்ணாடி கேன்டீனில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தான். இவர் முகத்தைப் பார்த்ததும் நண்பர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"மேடம் அன்னைக்கு விரலைத் தூக்கி என்ன சொன்னாங்க?"

"என்னைக்குண்ணே?"

"நடிக்காதே."

பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை இவர் அதுவரை பார்த்ததில்லை. யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது.

"முதல்ல உக்காருங்கண்ணே."

"நான் நின்னு பழகினவன். சொல்லு."

"மாமாவுக்கு ஆர்டர் இல்லாமத் தொங்கிட்டு இருந்துது. பேச்சுவாக்குல சொன்னேன். அவர் எழுதிப் போட்டுட்டார்."

"பேச்சுவாக்குல மெழுகுத்தாளுமா வரும்?"

பையன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். குரலை வேறு மாதிரி ஆக்கிக்கொண்டு சொன்னான். "நீங்க மட்டும் என்னண்ணே? முதலாளி பட்டறைக்கு எதிர்த்தாப்பலேயே கடை விரிச்சேன், அவர்கிட்ட வாங்கினவங்க பாதிப் பேரு என் பின்னாலேயே வந்துட்டாங்கன்னு நீங்கதானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க? அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"போறேன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போனேன்டா. அவர் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டே போகலை." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அடித்திருக்கலாம். அடிக்கக் கை வந்தது. ஆனால் 'அண்ணே' என்று கூப்பிட்டவனை அடிக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அதற்காக வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. பாதியில் விட்டு ஓடுகிற ரகம் இல்லை அவர். முன்வரிசைக்கு மாறினார். புரியாத இடத்தில் கையைத் தூக்கி, "மேடம், தமிழ்ல ஒரு தடவை" என்றார். மேடம் மறுக்காமல் சொன்னார். கண்ணாடி கதவோரத்துக்கு இடம் மாறிக்கொண்டான். பரீட்சையைத் தனியாக எழுதி, தனியாகவே பாஸ் செய்தார். அந்தத் தடவை இனிப்பு வாங்கவில்லை.

பட்டறையில் புது மெஷின் சாக்கு போர்த்திக் கிடந்தது. உள்ளூர் விற்பனைக்குப் பழைய மெஷினே போதும். லாண்டரிக்காரர் கிளம்ப இன்னும் ஒரு வாரம்தான். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தெருக்கோடிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, காய்கறிக்குச் சுற்று வழியாகப் போக ஆரம்பித்தார். கேட்டிருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் போன் வந்தது. கண்ணாடி. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மாமா மெஷின் தடிச்ச பிரஷ்ஷுக்குத்தான் ஆகுது. பாட்டில் பிரஷ் போட்டா கம்பி அறுந்துடுது. புது மெஷின் வர நாலு மாசமாம். கப்பல் காத்திருக்காது. உங்க ரெண்டாவது மெஷின் சும்மாதானே இருக்கு, அதை…"

"உடைச்சுக் காயலான் கடையில போட்டாலும் போடுவேனே தவிர உங்களுக்குத் தர மாட்டேன்!" பட்டறைப் பெண்கள் வேலையை நிறுத்திப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அக்கா.

"எதை உடைக்கப் போறே?"

"மெஷினை. அந்தத் துரோகிக்குக் கொடுக்க மாட்டேன்க்கா."

"அது யாரு வாங்கின மெஷின்?"

"நான்."

"யாரு காசு?"

பிரஷ்காரர் சாக்கைப் பார்த்தார்.

"உன் ரோஷத்தை உன் காசுல வளர்த்துக்கோ. என் காசுல வளர்க்காதே." அக்கா பாத்திரத்தை மெஷின் மேலேயே வைத்தார். "அவன் ஏமாத்தினது உன்னை. நீ மெஷினை உடைச்சா, ஏமாந்தது நான். எனக்கு அவனும் நீயும் ஒண்ணுதான் அப்ப."

அது கேன்டீனில் கேட்டதைவிட ஆழமாக இறங்கிற்று. அன்று சாயங்காலம் அவரே போன் செய்து, "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தாய்மாமா காரில் வந்தார். அத்தர் மணக்கும் ஆள். கண்ணாடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். மாமா மெஷினைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "ஓடின மெஷின்தானே. என்ன அடக்கம் ஆச்சு உங்களுக்கு?"

கண்ணாடிக்கே தெரியாத ஓர் எண் இது. விலை கேட்டால் போட்டு உடைக்கிற வாய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறக்கவில்லை. பிரஷ்காரர் துணியை எடுத்து மெஷினின் சக்கரத்தைத் துடைத்தார்.

"ரெண்டு தர்றேன்" என்றார் மாமா.

பல் சக்கரம் சுத்தமாயிற்று. கைப்பிடிக்குப் போனார்.

"ரெண்டரை. என்ன சொல்றீங்க?"

கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு நிறைய இருந்தது.

"மூணு. பேசுங்களேன்யா!" மாமா கண்ணாடியைப் பார்த்தார். "என்னடா, இவர் வாயைத் திறந்தா மூட மாட்டார்னு சொன்னே?" கண்ணாடி காதோரம் என்னவோ சொன்னான். மாமாவின் முகம் சுருங்கிற்று. சொன்னது கப்பல் தேதியாக இருக்கலாம். "சரி, மூணரை."

பிரஷ்காரர் துணியை உதறினார். மறுபடி சக்கரத்துக்கே வந்தார்.

"நாலு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. சத்தியமா கிடையாது."

"ரொக்கம்" என்றார் பிரஷ்காரர். அன்றைக்கு அந்தப் பட்டறையில் அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

மெஷினை வண்டியில் ஏற்றும்போது கண்ணாடி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "அண்ணே, முறுக்கு எத்தனை சுத்து வைக்கணும்னு…"

பிரஷ்காரர் அவனைத் தாண்டி, ஷட்டரை இழுத்து மூடினார்.

பணப்பையோடு வீட்டுக்குப் போனபோது அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பையைப் பக்கத்தில் வைத்தார். "நாலு இருக்கு. எடுத்து வச்சுக்கோ."

அக்கா பையைத் தொடவில்லை. "எண்ணிக் கொடு."

"என்னக்கா, என்னையுமா?"

"போன தடவை எண்ணாமத்தான் கொடுத்தேன். இந்தத் தடவை எண்ணித்தான் வாங்கணும்." சொல்லிவிட்டு அக்கா வலது கையை நீட்டினார். சோடாக்காரத்தில் ஊறி ஊறி ரேகையெல்லாம் தேய்ந்த கை.

பிரஷ்காரர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். முதல் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். கை நிறைந்ததும் அக்கா அதை மடியில் போட்டுவிட்டு, மறுபடியும் வெறுங்கையை நீட்டினார். நடுவில் ஒரு தடவை கண்ணில் நீர் மறைத்து எண்ணிக்கை தவறியது. அக்கா நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கட்டை முதலிலிருந்து எண்ணி, கடைசி நோட்டையும் அந்தக் கையில் வைத்தார்.